போத்தலைத் திறப்பதற்கு முன்: இங்கிலாந்தில் உணவகத்தில் மதுச் சுவைப்பு மாலை நடத்தப்போகிறவர்களுக்கு

வடமேற்கு லண்டனில் என் மாமாவின் உணவகத்தை நான்கு ஆண்டுகளாக நான்தான் கவனித்துவருகிறேன். வெள்ளி, சனி இரவுகளில் மேசை கிடைக்காது. செவ்வாய்க்கிழமையோ ஈ ஓட்டுவோம். அந்தச் செவ்வாயை நிரப்புவதற்காகத் தென்னஞ்சாராயத்தையும் விஸ்கியையும் அருகருகே வைத்துச் சுவைக்கும் ஒரு மாலையை அறிவித்தோம். 24 டிக்கெட்டுகளும் நான்கே நாளில் தீர்ந்தன. நிகழ்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது, மது அனுமதிகளைக் கவனிக்கும் உள்ளூர் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது: நடத்தக் கூடாது. 24 பேரையும் ஒவ்வொருவராக அழைத்து மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மாமா இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை.

அடுத்த முயற்சி ஒழுங்காக நடந்தது. அதன் பிறகு பல மாலைகள் நடத்திவிட்டோம். இடையில் நான் நிரப்பிய படிவங்களும் கட்டிய பணமும் தவறவிட்ட தேதிகளும் கற்றுக்கொடுத்ததைக் கீழே தருகிறேன். இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டுமே பொருந்தும். ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சட்டம் வேறு. கட்டணத் தொகைகளைப் பணம் கட்டும் நாளில் கவுன்சிலின் இணையப் பக்கத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. சுவரில் தொங்குவதை அல்ல, கோப்பில் இருப்பதை வாசியுங்கள்

உங்கள் கடைக்குப் பிரிமிசஸ் லைசென்ஸ், அதாவது அந்த இடத்தில் மது விற்கும் அனுமதி, இருக்கும். சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பது அதன் சுருக்கம் மட்டும்தான். முழு லைசென்ஸும், அல்லது அதன் சான்றளிக்கப்பட்ட பிரதி, கடையில் எங்காவது ஒரு கோப்பில் இருந்தாக வேண்டும். அதைத் தேடி எடுங்கள். கடைசிப் பக்கங்களில் நிபந்தனைகள் வரிசையாக இருக்கும். எல்லாவற்றையும் வாசியுங்கள். நான்கு ஆண்டுகள் அந்தக் கடையில் வேலை செய்தும் நான் அவற்றை வாசித்ததில்லை. அதுதான் முதல் பிழை.

தேட வேண்டியவை மூன்று. முதலாவது, மது விற்பனை 'ஒன் சேல்ஸ்' மட்டுமா, 'ஓஃப் சேல்ஸும்' உண்டா என்பது. உள்ளேயே குடிப்பதற்கு மட்டும் அனுமதி என்றால், சுவைத்துப் பார்த்து மகிழ்ந்தவர் ஒரு போத்தலை வீட்டுக்கு வாங்கிப்போக முடியாது. மாலை முடிவில் பத்துப் பேராவது இதைக் கேட்பார்கள். விநியோகஸ்தரிடம் ஓர்டர் கொடுக்கும் படிவத்தை மேசையில் வையுங்கள். போத்தல் அவருடைய லைசென்ஸ் பெற்ற கிடங்கிலிருந்து நேராக அவர்கள் வீட்டுக்குப் போகட்டும்.

இரண்டாவது, நேரம். மது விற்பனை முடியும் நேரமும் கடை மூடும் நேரமும் தனித்தனியாக இருக்கும். சுவைப்பு மாலை எப்போதும் நீளும்.

மூன்றாவதுதான் எங்களைக் கவிழ்த்தது. பல உணவகங்களின் லைசென்ஸில் 'மேசையில் அமர்ந்து முழு உணவு உண்பவருக்கு, அந்த உணவோடு மட்டுமே மது விற்கலாம்' என்ற பொருளில் ஒரு நிபந்தனை இருக்கும். நாலு ரோல்ஸும் ஒரு கிண்ணம் கச்சானும் வைத்து விஸ்கி ஊற்றினால் அது உணவகம் அல்ல, பார். நிபந்தனையை மீறி மது விற்பது அனுமதி இல்லாமல் விற்பதற்குச் சமம். அதற்கு வரம்பில்லாத அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 2003ஆம் ஆண்டின் லைசென்சிங் சட்டம் சொல்கிறது.

இந்த நிபந்தனை உங்கள் லைசென்ஸில் இருந்தால் இரண்டு வழிகள் உண்டு. நிகழ்வை முழு இரவு உணவாக மாற்றிவிடலாம். ஒவ்வொரு பானத்துக்கும் ஓர் உணவு என்று. அல்லது நான்காம் படியில் வரும் நோட்டீஸைக் கொடுக்கலாம். இப்போது நாங்கள் பெரும்பாலும் முதல் வழியில்தான் போகிறோம். கட்டணமும் இல்லை, காத்திருப்பும் இல்லை, வருகிறவர்களின் வயிறும் காலியாக இருப்பதில்லை.

2. 'மது இலவசம், டிக்கெட் பேச்சுக்குத்தான்' என்று சொல்லித் தப்ப முடியாது

இந்த யோசனை எல்லோருக்கும் வரும். என் மச்சானுக்கும் வந்தது. டிக்கெட்டில் 'விருந்தினர் உரைக்கு 30 பவுண், மது இலவசம்' என்று அச்சடித்துவிட்டால் விற்பனை ஆகாதே என்றார். ஆகும். டிக்கெட் வாங்கியவருக்கு மட்டும்தான் கிளாஸ் கிடைக்கிறது என்றால் மதுவின் விலை டிக்கெட்டுக்குள் இருக்கிறது. நன்கொடை என்று பெயர் மாற்றினாலும் அப்படித்தான். உள்ளே வருகிற எவருக்கும், எதையும் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லாமல், உண்மையாகவே சும்மா கொடுப்பது மட்டும்தான் விற்பனையில் சேராது. அப்படிக் கொடுக்க நம்மில் யாருக்குக் கட்டுப்படியாகும்?

3. பெர்சனல் லைசென்ஸ் உள்ள ஒருவர் வேண்டும்

பிரிமிசஸ் லைசென்ஸ் கட்டடத்துக்கு, பெர்சனல் லைசென்ஸ் ஆளுக்கு. கடையில் நடக்கும் ஒவ்வொரு மது விற்பனைக்கும் பெர்சனல் லைசென்ஸ் உள்ள ஒருவரின் ஒப்புதல் இருக்க வேண்டும். எங்கள் கடையில் அது மாமாவிடம் மட்டும் இருந்தது. அவர் ஒன்பது மணிக்கு மேல் கண் விழித்திருக்க மாட்டார். அதனால் நானும் எடுத்தேன்.

தேவையானவை: 18 வயது, வேலை செய்யும் உரிமைக்கான சான்று, பெர்சனல் லைசென்ஸுக்கான இரண்டாம் நிலைச் சான்றிதழ், அடிப்படைக் குற்றப்பதிவுச் சான்று, இரண்டு புகைப்படங்கள், 37 பவுண். சான்றிதழ் வகுப்பு ஒரு நாள்தான். 40 கேள்விகள், 28 சரியாக இருந்தால் தேர்ச்சி. கேள்விகள் கடினமல்ல. ஆனால் தூக்கக் கலக்கத்தில் போகாதீர்கள். முதல் நாள் இரவு கடை மூடிவிட்டுப் போய் நான் 29தான் எடுத்தேன்.

பொறிகள் இதில்தான் அதிகம். குற்றப்பதிவுச் சான்று ஒரு மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். அதை முதலில் எடுத்துவிட்டு வகுப்புக்குக் காத்திருந்தால் காலாவதியாகிவிடும். வகுப்பை முடித்துச் சான்றிதழ் கையில் வந்த பிறகு அதற்கு விண்ணப்பியுங்கள். புகைப்படங்களில் ஒன்றின் பின்புறம் வழக்கறிஞர், ஆசிரியர் போன்ற ஒருவர் 'இவர்தான்' என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். விண்ணப்பம் போக வேண்டிய இடம் கடை இருக்கும் கவுன்சில் அல்ல, நீங்கள் குடியிருக்கும் கவுன்சில். நான் கடையின் கவுன்சிலுக்கு அனுப்பி, அது திரும்பிவந்து, அதற்குள் குற்றப்பதிவுச் சான்று காலாவதியாகி, மறுபடி எடுத்தேன்.

2015 முதல் பெர்சனல் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் வீடு மாறினால் அதை வழங்கிய கவுன்சிலுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். கட்டணம் 10.50 பவுண். ஆண்டுக்கொரு அறை மாறும் நம்மவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். தெரிவிக்காமல் இருப்பது குற்றம்.

4. டென்: பெயரில் பத்து, கட்டணம் இருபத்தொன்று

உங்கள் லைசென்ஸ் அனுமதிக்காத ஒன்றை ஓரிரு நாளுக்கு மட்டும் செய்யக் கொடுப்பது டெம்பரரி ஈவென்ட் நோட்டீஸ். எல்லோரும் டென் என்றே சொல்வார்கள். கட்டணம் 21 பவுண். கடை இருக்கும் கவுன்சிலின் இணையத்தளத்தில் நிரப்பலாம். இணையத்தில் கொடுத்தால் பொலிஸுக்கும் சுற்றாடல் சுகாதாரப் பிரிவுக்கும் கவுன்சிலே பிரதி அனுப்பும். தாளில் கொடுத்தால் அந்த இருவருக்கும் நீங்களேதான் அனுப்ப வேண்டும். இணையத்திலேயே கொடுங்கள்.

வரம்புகள்: ஊழியர்களையும் சேர்த்து ஒரே நேரத்தில் 499 பேர், ஒரு நிகழ்வு 168 மணி நேரம் வரை, ஒரே இடத்துக்கு ஓர் ஆண்டில் 15 நோட்டீஸ்கள், மொத்தம் 21 நாட்கள், இரண்டு நிகழ்வுகளுக்கு இடையே குறைந்தது 24 மணி நேரம். மாதத்துக்கு ஒரு சுவைப்பு மாலை என்றால் 12 போய்விடும். புத்தாண்டு இரவுக்கும் யாராவது ஒருவரின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கும் மிச்சம் மூன்றுதான்.

அதற்கு மேல் நடத்த நினைத்தால் லைசென்ஸையே திருத்த வேண்டும். கட்டணம் கட்டடத்தின் வரி மதிப்பைப் பொறுத்தது: 4,301 முதல் 33,000 பவுண் வரை மதிப்புள்ள இடத்துக்கு 190 பவுண், 33,001 முதல் 87,000 வரை 315 பவுண். அத்தோடு வாசலில் வெளிர்நீலத் தாளில் 28 நாள் அறிவிப்பு, உள்ளூர்ச் செய்தித்தாளில் விளம்பரம். எங்களிடம் கேட்ட விளம்பரக் கட்டணம் விண்ணப்பக் கட்டணத்தைவிடக் கூடுதலாக இருந்தது. முதல் ஆண்டு டென்னோடு ஓட்டிப் பாருங்கள். கூட்டம் நிலைத்தால் திருத்தத்தைப் பற்றி யோசிக்கலாம்.

5. வேலைநாட்களை எண்ணும் முறை

இந்தப் பகுதிக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

டென் நோட்டீஸ் கவுன்சிலுக்குக் கிடைக்கும் நாளுக்கும் நிகழ்வு நாளுக்கும் இடையில் முழுமையாகப் பத்து வேலைநாட்கள் இருக்க வேண்டும். கிடைக்கும் நாளையும் எண்ணக் கூடாது, நிகழ்வு நாளையும் எண்ணக் கூடாது. சனி, ஞாயிறு, பொது விடுமுறை எதுவும் கணக்கில் வராது. 'பத்து வேலைநாள் என்றால் இரண்டு வாரம்' என்று நினைத்தால் நீங்களும் எங்கள் குழியில் விழுவீர்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். நிகழ்வு 2026 ஏப்ரல் 14, செவ்வாய். பின்னோக்கி எண்ணுங்கள்: 13, 10, 9, 8, 7. ஆறாம் தேதி ஈஸ்டர் திங்கள், மூன்றாம் தேதி பெரிய வெள்ளி, இரண்டும் விடுமுறை. பிறகு 2, 1, மார்ச் 31, 30, 27. பத்து ஆயிற்று. ஆக நோட்டீஸ் மார்ச் 26 வியாழனுக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சரியாக இரண்டு வாரம் முன்பு, மார்ச் 31 அன்று கொடுத்தால் இடையில் இருப்பவை ஏழு வேலைநாட்கள்தான்.

ஏழு நாளில் கொடுத்தாலும் கவுன்சில் ஏற்கும். 5 முதல் 9 வேலைநாட்களுக்குள் கொடுப்பது 'லேட் டென்'. அதே 21 பவுண். அதில்தான் சூது. சாதாரண டென்னுக்குப் பொலிஸோ சுகாதாரப் பிரிவோ எதிர்ப்புத் தெரிவித்தால் விசாரணை நடக்கும், உங்கள் பக்கத்தைச் சொல்லலாம், நேரத்தைக் குறைத்துக்கொள்கிறேன் என்று சமாதானம் பேசலாம். லேட் டென்னுக்கு ஓர் எதிர்ப்பு வந்தாலே போதும். விசாரணை கிடையாது, நடத்தக் கூடாது என்ற கவுண்டர் நோட்டீஸ் வரும், நிகழ்வு முடிந்தது. எங்களுக்கு வந்த கடிதம் அதுதான். சுகாதாரப் பிரிவின் காரணம் ஒரே வரி: முன்பு பதிவான இரைச்சல் புகார்.

எனவே ஆறு வாரம் முன்னால் தொடங்குங்கள். நோட்டீஸைக் கொடுத்த மூன்று வேலைநாட்களுக்குள் எதிர்ப்பு வரவில்லை என்று உறுதியாகும்வரை ஒரு டிக்கெட்டும் விற்காதீர்கள்.

6. சரக்கு வாங்குவது

மொத்த வியாபாரி வருவாய்த்துறையின் மதுபான மொத்த விற்பனையாளர் பதிவில் இருக்க வேண்டும். 2017 ஏப்ரல் முதல், பதிவில்லாதவரிடம் வாங்குவது வாங்குகிறவருக்கும் குற்றம். பில்லில் உள்ள பதிவு எண்ணை அரசின் இணையத்தளத்தில் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பார்த்ததை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள்.

சூட்கேஸ் சாராயத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கொழும்பிலிருந்து வரும் உறவினர் நல்ல போத்தல்களைக் கொண்டுவருவார். ஒருவர் 4 லீற்றர் வரை வரியின்றிக் கொண்டுவரலாம் என்பது உண்மை. ஆனால் அந்தச் சலுகை சொந்தப் பாவனைக்கும் அன்பளிப்புக்கும் மட்டும். டிக்கெட் விற்ற மேசையில் அந்தப் போத்தலை வைத்தால் அது வரி கட்டாத சரக்கு. வீட்டில் மாமாவுக்கு ஊற்றுங்கள். கடைக்கு வேண்டாம்.

எவ்வளவு வாங்குவது என்பதை இரண்டு வரியில் முடிக்கலாம். 24 பேருக்கு 25 மில்லி வீதம் 600 மில்லி; 700 மில்லி போத்தல் ஒன்று போதும். வைன் 50 மில்லி வீதம் 1,200 மில்லி. 750 மில்லி போத்தல் இரண்டு. தக்கை நாற்றமடித்த வைன் வந்தால் ஈடுகட்ட ஒரு போத்தல் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சினால் அடுத்த நாள் மெனுவில் ஓடிவிடும்.

7. எத்தனை மில்லி, எத்தனை யூனிட்

பொறுப்பாக நடத்துவது என்பதில் பாதி இந்தக் கணக்குத்தான்.

விஸ்கி, ஜின், ரம், வொட்கா நான்கையும் 25 அல்லது 35 மில்லி, அல்லது அதன் மடங்குகளில்தான் விற்கலாம். இரண்டில் ஒன்றைத்தான் கடை தேர்ந்தெடுக்கலாம். வழக்கமாக 35 மில்லி ஊற்றும் கடை, சுவைப்பு மாலைக்கு மட்டும் 25க்கு இறங்க முடியாது. பாரில் தொங்கும் அளவுக்குப்பியைப் பாருங்கள், அதில் எழுதியிருக்கும். எத்தனை மில்லி என்பது வாடிக்கையாளர் கண்ணில் படும்படி அறிவிப்பும் வேண்டும். தென்னஞ்சாராயம் இந்த நால்வர் பட்டியலில் இல்லை, பிராந்தியும் இல்லை. ஆகவே அவற்றைக் குறைந்த அளவிலும் ஊற்றலாம். வைனுக்கு வழக்கமான அளவுகள் 125, 175 மில்லி. ஆனால் 75 மில்லிக்குக் குறைவான சுவைப்பு அளவுகளுக்கு 2011இலிருந்து தடையில்லை. 50 மில்லி தாராளம்.

இனி யூனிட், மதுவில் உள்ள ஆல்ககோலை அளக்கும் அலகு. மில்லியை மதுச் சதவீதத்தால் பெருக்கி 1,000ஆல் வகுங்கள். 40 சதவீத விஸ்கி 25 மில்லி என்றால் சரியாக ஒரு யூனிட். 36 சதவீதச் சாராயம் 25 மில்லி 0.9. பீப்பாயிலிருந்து நேராக இறக்கிய 58 சதவீத விஸ்கி அதே 25 மில்லியில் 1.45. 13 சதவீத வைன் 50 மில்லி 0.65, ஆறு வகை சுவைத்தால் 3.9.

அரசு மருத்துவ ஆலோசகர்கள் சொல்லும் குறைந்த ஆபத்து எல்லை வாரத்துக்கு 14 யூனிட். உடல் ஒரு யூனிட்டைக் கரைக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுக்கும். இதை வைத்து நான் ஓர் உச்சவரம்பு போட்டுக்கொண்டேன்: இரண்டரை மணி நேர மாலைக்கு நான்கு யூனிட். நான்கு வகைக்கு மேல் வடிசாராயம் கிடையாது. ஆறு வகை விஸ்கி வேண்டும் என்று விநியோகஸ்தரின் பிரதிநிதி வற்புறுத்துவார். அவருக்கு ஆறையும் அறிமுகப்படுத்த வேண்டும். நான்கோடு நிறுத்துங்கள். உண்மையில் நான்காவதுக்குப் பிறகு யாருக்கும் நாக்கு வேலை செய்வதில்லை, வாய்தான் வேலை செய்கிறது.

மென்மையானதிலிருந்து கடுமையானதுக்கு, இனிப்பில்லாததிலிருந்து இனிப்புக்கு, புகைமணம் உள்ள விஸ்கி கடைசியில். இந்த ஒழுங்கு போதும்.

8. அறிவிப்பிலும் டிக்கெட்டிலும் எழுதக் கூடாதவை

'அளவில்லாமல்', 'முடியும்வரை', 'வேண்டிய அளவு'. இவை வேண்டாம். ஒரே கட்டணத்துக்கு வரையறையில்லாத மது தருவது, ஆபத்தான முறையில் நடந்தால், எல்லா லைசென்ஸ்களுக்கும் பொதுவான கட்டாய நிபந்தனையை மீறுவதாகும். மற்ற கடைகளில் அளவில்லாத மதுவோடு மதிய விருந்து நடக்கிறதே என்று கேட்பீர்கள். நடக்கிறது. பிரச்சினை வரும் நாளில் ஆபத்து இல்லை என்று வாதாட அவர்களிடம் வழக்கறிஞர் இருக்கக்கூடும். 'நான்கு வகை, ஒவ்வொன்றும் 25 மில்லி, மூன்று வகை உணவு' என்று எழுதிவிட்டால் எனக்கு வழக்கறிஞர் தேவையில்லை.

குடிப்போட்டி, முதலில் முடிப்பவருக்குப் பரிசு, வாயில் நேராக ஊற்றுவது எல்லாம் தடை. கண்ணைக் கட்டிக்கொண்டு மணத்தை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்கும் விளையாட்டு வைக்கலாம். அதில் குடிக்க வேண்டியதில்லை, சிரிப்பும் அதிகம். பரிசாக ஒரு வேளை மசாலா தோசை கொடுக்கிறோம்.

டிக்கெட்டில் இருக்க வேண்டியவை: 18 வயதுக்கு மேல் மட்டும், அடையாள அட்டை கட்டாயம், மொத்த யூனிட், பணம் திருப்பும் விதி, ஒவ்வாமையைத் தெரிவிக்க ஒரு பெட்டி. வைனில் சல்பைட் இருக்கும். லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அதைச் சொல்லியாக வேண்டும். நம் பக்கவுணவில் முந்திரியும் கோதுமையும் பாலும் தாராளம். சட்டம் பட்டியலிடும் 14 ஒவ்வாமைப் பொருட்களுக்கும் ஒரு தாள் தயாராக வைத்திருங்கள்.

வாகனம் ஓட்டுபவருக்குத் தனி டிக்கெட், எங்கள் கடையில் பாதி விலை. மணம் பார்க்கலாம், உணவு உண்டு, மது இல்லை. இஞ்சியும் கருப்பட்டியும் சேர்த்து நாங்களே செய்யும் பானம் உண்டு. இங்கே சட்ட எல்லை 100 மில்லி இரத்தத்தில் 80 மில்லிகிராம். 'இரண்டு கிளாஸ் குடித்தால் ஒன்றும் ஆகாது' என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். உடலுக்கு உடல் அது மாறும். அதோடு செவ்வாய் இரவுகளில் இரவு நேர ரயில் கிடையாது. ஜூபிலி பாதையில் அது வெள்ளி, சனி மட்டும். கடைசி ரயில் நேரத்தைக் கரும்பலகையில் எழுதி வைக்கிறோம்.

9. அன்று மாலை

வாசலில் ஒருவர். 25 வயதுக்குக் குறைவாகத் தோன்றும் எவரிடமும் அட்டை கேட்பது வழக்கம். பாஸ்போர்ட், ஓட்டுநர் அட்டை, ஹோலோகிராம் உள்ள வயது அட்டை செல்லும். தொலைபேசியில் எடுத்து வைத்த பாஸ்போர்ட் படம் செல்லாது. 'நான் உன் அப்பாவின் சிநேகிதனுடைய மகன்' என்பதும் செல்லாது. 18க்குக் கீழ் உள்ளவருக்கு விற்றால் அபராதத்துக்கு வரம்பில்லை.

டென்னில் நடத்துகிறீர்கள் என்றால் அதன் பிரதி கண்ணில் படும்படி இருக்கட்டும்.

முதல் கிளாஸுக்கு முன் உணவு மேசைக்கு வர வேண்டும். சோறோ ரொட்டியோ பருப்புக் கறியோ, வயிற்றில் தங்கும் ஏதாவது. முதல் தடவை நாங்கள் மிளகாய் தூக்கலான டெவில் கோழியோடு தொடங்கினோம். காரம் மதுவின் எரிச்சலைக் கூட்டும், தாகத்தையும் கூட்டும், கை கிளாஸுக்குப் போகும். இப்போது கட்லட், வேகவைத்த மரவள்ளி, தேங்காய்ச் சம்பல். காரம் கடைசிச் சுற்றில்தான். ஒவ்வொரு மேசையிலும் தண்ணீர்க் கூசா. கேட்டால் தண்ணீர் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். கேட்காமலே வையுங்கள்.

அடுத்தது படிக்கம். வெற்றிலை போடுகிற நம் பாட்டிமாருக்குப் பழக்கமான பாத்திரம்தான். வைன் சுவைப்பவர்கள் வாயில் சுழற்றித் துப்புவார்கள், அதில் வெட்கமில்லை. ஆனால் நம் ஆட்களை அதில் துப்பவைக்க நீங்கள்தான் முதலில் துப்பிக் காட்ட வேண்டும். மேசைக்கு ஒன்று வைத்து, மூடியுள்ளதாக வாங்குங்கள்.

ஊற்றுவது ஒருவர் மட்டும். போத்தல் மேசையில் தங்கவே கூடாது. இது என் கடும் விதி. போத்தல் மேசைக்கு வந்தால் 25 மில்லி என்ற கணக்கு காற்றோடு போய்விடும். விநியோகஸ்தரின் ஆள் ஊற்ற ஆசைப்பட்டாலும் அளவுக்குப்பியைக் கையில் கொடுத்துவிட்டு அருகிலேயே நில்லுங்கள்.

இனிக் கடினமானது. நிலை தவறியவருக்கு மது விற்பது குற்றம், 1,000 பவுண் வரை அபராதம், அது ஊற்றிய ஊழியரின் தலையில் விழும். அவருக்காக நண்பர் வாங்கிக் கொடுப்பதும் குற்றம். லண்டனில் ஒரு வெள்ளைக்கார வாடிக்கையாளரிடம் 'இனி இல்லை' என்று சொல்வது எனக்குச் சுலபம். ஊரில் என்னைத் தோளில் தூக்கிய ஒருவர் 'தம்பி, இன்னும் ஒரு சொட்டு' என்று கேட்கும்போதுதான் நாக்கு எழாது. நான் கண்ட வழி, மறுப்பைச் சாப்பாட்டால் மூடுவது: 'அண்ணா, சூடாக இடியப்பம் வந்திருக்கிறது, முதலில் இதைச் சாப்பிடுங்கள்.' அவர் சாப்பிட்டு முடிக்கும்போது சுற்று முடிந்திருக்கும். அதற்கும் மசியாவிட்டால் மாமாவை எழுப்பி அழைத்துவருவேன். பெரியவருக்குப் பெரியவர் சொல்வது எடுபடும். ஊழியர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள்: மறுத்ததற்காக யாரும் திட்டு வாங்க மாட்டார்கள்.

தனியாக வந்த பெண்கள் பாதுகாப்பாகப் போக ஒரு ஏற்பாடு இருக்கட்டும். 'ஆஸ்க் ஃபோர் ஏஞ்சலா' சுவரொட்டியைக் கழிவறையில் ஒட்டியிருக்கிறோம். பாரில் வந்து ஏஞ்சலாவைக் கேட்டால் அது உதவிக்கான அழைப்பு என்று ஊழியர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி 'அப்படி யாரும் இங்கே வேலை செய்யவில்லை' என்று பதில் சொல்லியிருக்கிறான்.

10. கதவைச் சாத்திய பிறகு

மறுப்புப் பதிவேட்டை அன்றிரவே நிரப்புங்கள்: யாருக்கு, எத்தனை மணிக்கு, ஏன் மறுத்தீர்கள், யார் மறுத்தார். பெயர் தெரியாவிட்டால் 'நீலச் சட்டை, ஐம்பது வயதிருக்கும்' போதும். கவுன்சில் அதிகாரி வந்தால் முதலில் கேட்பது இதைத்தான். ஒரு பதிவும் இல்லாத ஏட்டைவிட நாலு பதிவுள்ள ஏட்டை அவர்கள் நம்புகிறார்கள்.

விருந்தினர் புகைபிடிக்க வெளியே நின்று பேசும் சத்தத்தைக் கவனியுங்கள். பத்து மணிக்கு மேல் வாசலில் ஒருவரை நிறுத்தி, மெதுவாகப் பேசச் சொல்லி அனுப்பிவையுங்கள்.

காலிப் போத்தல்களை இரவில் வெளியே கொட்டாதீர்கள். எங்கள் டென்னைக் கவிழ்த்த அந்த 'முன்பு பதிவான இரைச்சல் புகார்' எது என்று பிறகு கேட்டு எழுதினேன். பாட்டுச் சத்தமும் இல்லை, சண்டையும் இல்லை. ஒரு சனி நள்ளிரவில் நான் ஒரு கூடை பியர்ப் போத்தல்களைப் பின்கட்டுத் தொட்டியில் கவிழ்த்திருக்கிறேன். மேல்மாடியில் கைக்குழந்தை. இப்போது கூடை இரவு முழுக்கச் சமையலறை மூலையில் இருக்கும். காலை ஒன்பது மணிக்கு மேல்தான் தொட்டிக்குப் போகும்.